முப்பது பெனால்டி கார்னர்: ஒரு சனி ஞாயிறின் கணக்கு

கோவில்பட்டியை ஒட்டிய சிற்றூர் ஒன்றில் இயங்கும் எங்கள் ஹாக்கி கிளப்பின் மூன்று அணிகளும் கடந்த ஆவணி மாதத்தில் ஒரு சனி ஞாயிறில் செயற்கைப் புல்தரையில் ஆறு ஆட்டங்கள் ஆடின. பதினாறு வயதுக்குட்பட்ட சிறுவர் அணி, பெண்கள் அணி, ஆண்கள் அணி ஆகிய மூன்றுக்கும் நாளுக்கு ஓர் ஆட்டம். இரண்டு வெற்றி, ஒரு டிரா, மூன்று தோல்வி; அடித்த கோல் 9, வாங்கிய கோல் 12. கிளப்பின் செயலாளர் என்ற முறையில் நிர்வாகக் குழுவிடம் நான் வாசிக்க வேண்டியது இவ்வளவுதான்; வழக்கமாக இதை வாசித்ததும் டீ வந்துவிடும், கூட்டமும் கலைந்துவிடும். இந்த முறை கலையவில்லை. கணுக்கால் பிசகி ஆட முடியாமல் உட்கார்ந்திருந்த எங்கள் லெஃப்ட் ஹாஃப், பொழுது போகாமல் ஒரு நாற்பது பக்க நோட்டில் வேறொரு கணக்கு எழுதி வைத்திருந்தார். ஆறு ஆட்டங்களிலும் சேர்த்து நாங்கள் எதிரணிகளுக்குக் கொடுத்த பெனால்டி கார்னர்கள், அதாவது கோலுக்கு அருகே தவறு செய்து கொடுத்த தண்டனை வாய்ப்புகள், 30. வாங்கிய 12 கோல்களில் 8 அவற்றிலிருந்து விழுந்தவை. ஒவ்வொரு கார்னருக்கும் எதிரே எத்தனையாவது நிமிடம், யார் கொடுத்தது, எப்படிக் கொடுத்தது என்று மூன்று பத்திகள் போட்டிருந்தார்.

அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு எழுதுவதே இந்த ஆய்வு. பெனால்டி கார்னரைத் தடுக்கத் தெரியாததால் தோற்றோம் என்றுதான் ஞாயிறு இரவு வரை நாங்கள் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தோம். முப்பது கார்னர் கொடுத்த ஓர் அணி எட்டு கோலோடு தப்பித்தது என்றால் தடுத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. கேட்க வேண்டிய கேள்வி, முப்பதை ஏன் கொடுத்தோம் என்பது. அதற்கான பதிலில் பாதி என் மேசையிலிருந்த பயிற்சி அட்டவணையில் கிடந்தது.

ஆட்டத்தைத் தொடர்ந்து பார்க்காதவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். கோல் கம்பங்களை மையமாக வைத்து 14.63 மீட்டர் அளவில் வரையப்பட்ட வளைவைத்தான் நாங்கள் ‘டி’ என்கிறோம். அதற்குள் தடுப்பவர் ஒரு தவறு செய்து, அந்தத் தவறால் அநேகமாக விழுந்திருக்கக்கூடிய கோல் ஒன்று தடைபடவில்லை என்றால், தாக்கும் அணிக்குப் பெனால்டி கார்னர் கிடைக்கும். பின்கோட்டிலிருந்து ஏறக்குறைய 23 மீட்டர் தள்ளிப் போடும் ‘23 மீட்டர் கோட்டு’க்குள் வேண்டுமென்றே செய்யும் தவறுக்கும், பந்தை வேண்டுமென்றே பின்கோட்டுக்கு வெளியே தள்ளுவதற்கும் அதே தண்டனைதான். கோல்கீப்பரோடு சேர்த்து ஐந்து பேர் மட்டும் கோட்டுக்குப் பின்னால் நின்று தடுக்கலாம், மற்ற ஆறு பேரும் நடுக்கோட்டுக்கு அப்பால் போய்விட வேண்டும். கம்பத்திலிருந்து 10 மீட்டர் தள்ளிப் பின்கோட்டில் வைத்து ஒருவர் பந்தைத் தள்ளிவிட, ‘டி’யின் உச்சியில் ஒருவர் அதை நிறுத்த, இன்னொருவர் அடிப்பார். முதல் அடி ஸ்டிக்கை வீசி அடிக்கும் ‘ஹிட்’டாக இருந்தால் பந்து 460 மில்லிமீட்டருக்கு மேல், அதாவது கோலின் பின்பலகை உயரத்துக்கு மேல், கோல் கோட்டைக் கடக்கக் கூடாது, பந்தை ஸ்டிக்கோடு இழுத்துவந்து சுண்டும் டிராக் ஃப்ளிக்குக்கு அந்தத் தடை இல்லை. பந்து தள்ளப்படுவதற்கு முன் தடுப்பவர் ஒருவர் கோட்டைத் தாண்டினால் அவரும் நடுக்கோட்டுக்குப் போக வேண்டியதுதான், பதிலுக்கு வேறொருவர் வர முடியாது. இந்தக் கடைசி விதி எங்களுக்கு ஒரு கோலை விலையாக வைத்தது.

எங்கள் வட்டாரத்தை விளையாட்டுச் செய்தியாளர்கள் ‘ஹாக்கிபட்டி’ என்று செல்லமாக எழுதுவதுண்டு. கடலை மிட்டாய்க்கும் தீப்பெட்டிக்கும் அடுத்தபடியாகக் கோவில்பட்டி என்றால் ஹாக்கிதான். லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டி நடக்கும் நாட்களில் வெளியூர் அணிகளைப் பார்க்க ஊரே கிருஷ்ணா நகர் மைதானத்தில் இருக்கும். 2022 ஜகார்த்தா ஆசியக் கோப்பைக்கான இந்திய அணியில் இடம்பெற்ற மாரீஸ்வரன் சக்திவேல் இந்த ஊர்க்காரர். அதே அணியில் இருந்த செல்வம் கார்த்தி அரியலூர்க்காரர் என்றாலும் தேறியது இங்குள்ள பயிற்சி மையத்தில்தான். எங்கள் சிறுவர்கள் பாதிப் பேரின் ஸ்டிக்கில் இந்த இருவரில் ஒருவர் பெயர் மார்க்கர் பேனாவால் எழுதப்பட்டிருக்கும். ஆனால் அவர்கள் அன்றாடம் ஆடுவது கரிசல்மேல் செம்மண் கொட்டி ரோலர் ஓட்டிய எங்கள் ஊர் மைதானத்தில். கோடையில் அது இறுகிப் பாளம் பாளமாக வெடித்துவிடும்; ஒரு மழை பெய்துவிட்டால் அடியிலிருக்கும் கரிசல் மேலே வந்து ஷூவோடு ஒட்டிக்கொள்ளும். செயற்கைத் தரையில் எங்கள் கிளப்புக்குக் கிடைப்பது வாரத்துக்கு இரண்டு மணி நேரம். அந்த இரண்டையும் ஆண்கள் அணிக்கே ஒதுக்கியவன் நான்.

சனிக்கிழமை காலை ஆறரைக்குச் சிறுவர் அணிக்கு முதல் ஆட்டம். தரைக்குத் தண்ணீர் பீய்ச்சி முடித்த உடனே ஆடவிட்டார்கள், அதுதான் பந்து அதிகபட்ச வேகத்தில் ஓடும் நேரம். மூன்றாவது நிமிடத்திலேயே முதல் கார்னர் போனது. வலப்பக்கத்திலிருந்து எதிரணி வீரன் ‘டி’க்குள் ஒரு சாதாரணத் தள்ளுதான் தள்ளினான், கடைசித் தடுப்பு வரிசையில் நிற்கும் எங்கள் ஃபுல் பேக் ஸ்டிக்கைச் சாய்வாக வைத்து நின்றான், பந்து ஸ்டிக்குக்கு அடியில் நுழைந்து அவனுடைய இடது பாதத்தில் பட்டு நின்றது. பந்து காலில் படுவது மட்டுமே குற்றமாகிவிடாது, அதனால் அந்த அணிக்கு ஆதாயம் இருந்தால்தான் குற்றம். இங்கே பந்து நின்றே விட்டது, அம்பயர் கை காட்டியதில் தவறே இல்லை. அடுத்த ஒரு மணி நேரத்தில் இதே காட்சியைச் சிறு சிறு மாற்றங்களோடு நாங்கள் திரும்பத் திரும்பப் பார்த்தோம். ஒன்பது கார்னர். 4–1 என்று தோற்ற அந்த ஆட்டத்தில் மூன்று கோல்கள் கார்னரிலிருந்து விழுந்தன.

அவற்றில் இரண்டாவதை மட்டும் விரித்துச் சொல்கிறேன். முதல் கோல் விழுந்ததிலிருந்து எங்கள் பையன்களுக்கு ஒரு பதற்றம். சீக்கிரம் ஓடிப்போய் மறைத்தால்தான் தப்பிக்கலாம் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டது பெஞ்ச் வரை கேட்டது. நான்கு கால்பகுதிகளாக ஆடும் ஆட்டத்தின் மூன்றாவது கால்பகுதியில் வந்த கார்னரில், முதலில் பாய வேண்டிய பையன் பந்து தள்ளப்படுவதற்கு முன்பே கோட்டைத் தாண்டிவிட்டான். விசில். அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடுக்கோட்டுக்கு நடக்க, நான்கு பேர் மிஞ்சினார்கள். யார் இப்போது பாய்வது என்று அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பந்து உச்சிக்குப் போய், நின்று, அடிபட்டுவிட்டது. அந்த வயதில் டிராக் ஃப்ளிக் அடிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. எதிரணிப் பையனும் தரையோடு தரையாகத்தான் அடித்தான். பின்பலகையில் பந்து மோதினால் ‘படார்’ என்று ஒரு சத்தம் வரும். முன்னால் நின்றவன் மறைத்ததால் எங்கள் கோல்கீப்பருக்குக் கோல் விழுந்ததே அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் தெரிந்தது.

ஆட்டம் முடிந்ததும் எங்கள் பயிற்சியாளர் திட்டவில்லை. எல்லோரும் அவரை ‘மாஸ்டர்’ என்போம், முப்பது வருடம் பள்ளிப் பையன்களைப் பழக்கியவர். முதல் கார்னர் கொடுத்த ஃபுல் பேக்கைக் கூப்பிட்டு, “ஸ்டிக்க ஏம்ல படுக்கப் போடல?” என்று மட்டும் கேட்டார். அவன் இடது கையை நீட்டிக் காட்டினான். விரல்முட்டிகள் நான்கிலும் பழைய சிராய்ப்பு, பொருக்குத் தட்டியிருந்தது. “படுக்கப் போட்டா நம்ம கிரவுண்டுல தோலு உரியுது மாஸ்டர்” என்றான்.

இந்த ஆய்வின் நடுப்புள்ளி அந்தக் கைதான் என்று இப்போது எனக்குப் படுகிறது. செயற்கைத் தரையில் பந்தைத் தடுக்கும் முறை, ஸ்டிக்கைத் தரையோடு படுக்கவைத்து ஒரு நீளச் சுவரை உண்டாக்குவது. தரை வழுவழுப்பாகவும் ஈரமாகவும் இருப்பதால் கை வழுக்கிக்கொண்டு போகும், காயம் குறைவு. சரளை கலந்த மண்ணில் அதைச் செய்தால் முட்டி தேய்ந்துவிடும். அதனால் மண்ணில் வளரும் பையன் யாரும் சொல்லிக் கொடுக்காமலே ஸ்டிக்கைச் சாய்வாகப் பிடிக்கப் பழகுகிறான். சாய்வுக்கு அடியில் நுழையும் பந்துக்குக் காவலாகக் காலையும் பின்னால் கொண்டுவந்து வைத்துக்கொள்கிறான். மண்ணில் அது புத்திசாலித்தனம்தான். பந்து மேடு பள்ளத்தில் குதித்து, உராய்ந்து, வேகம் குறைந்து வருவதால் பெரும்பாலும் காலுக்குப் போகாமல் ஸ்டிக்கிலேயே நின்றுவிடும். நனைந்த செயற்கைத் தரையில் பந்து குதிப்பதுமில்லை, வேகம் குறைவதுமில்லை. அதே நிற்கும் முறை அங்கே கார்னராக மாறுகிறது. இது எங்கள் பையன்களோடு தொடங்கிய கதையும் அல்ல. 1975இல் கோலாலம்பூரில் புல்தரையில் உலகக் கோப்பையை வென்ற இந்திய அணி, 1976 மான்ட்ரியால் ஒலிம்பிக்கில் செயற்கைத் தரை முதன்முறையாக வந்தபோது ஏழாவது இடத்தில் முடிந்தது. தரை மாறினால் பழக்கமும் மாற வேண்டும் என்பதை அரை நூற்றாண்டுக்கு முன்பே கேட்டிருந்தும், அதை எங்கள் அட்டவணையோடு பொருத்திப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

பெண்கள் அணியின் சனிக்கிழமை ஆட்டம் எட்டேகாலுக்கு. கிளப்பில் கோல்கீப்பர் சாமான் ஒரு செட்தான் நல்ல நிலையில் இருக்கிறது: ஹெல்மெட், மார்புக் கவசம், கால் பேட், பாதத்துக்குப் போடும் கிக்கர், கைக் கவசம் எல்லாம் சேர்த்து ஒரு மூட்டை. பையன் கழற்றிக் கொடுத்ததை அந்தப் பெண் அப்படியே ஈரத்தோடு போட்டுக்கொண்டாள். கிக்கர் அவளுக்கு இரண்டு சைஸ் பெரிது, உள்ளே துணி திணித்து வார் இறுக்க வேண்டியிருந்தது. அப்படியும் அவள் ஐந்து கார்னர்களில் நான்கைத் தடுத்தாள், 2–1 என்று ஜெயித்தோம். ஜெயித்ததால் அந்த ஐந்து கார்னர்களைப் பற்றி யாரும் பேசவில்லை. வெற்றி பெற்ற ஆட்டத்தின் குறைகள் நோட்டில் மட்டுமே நிற்கும்.

மறுநாள் பெண்கள் 1–0 என்று தோற்ற ஆட்டத்தில் நடந்ததை விதிப் புத்தகத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும். கார்னரைத் தடுப்பவர்கள் முகக் கவசம் அணியலாம். முன்பெல்லாம் பந்தைத் தடுத்ததும் அதைக் கழற்றியாக வேண்டும். 2022 முதல், பந்தைப் பறித்தவர் கவசத்தோடே சற்றுத் தூரம் ஆடிவிட்டு 23 மீட்டர் பகுதிக்குள் முதல் வாய்ப்பிலேயே கழற்றினால் போதும் என்று தளர்த்தினார்கள். எங்கள் சென்டர் ஹாஃப் ஒரு கார்னரை அற்புதமாகத் தடுத்து, பந்தோடு ஓடத் தொடங்கினாள். எதிரே ஆளே இல்லை. பெஞ்சிலிருந்து எல்லோரும் “ஓடு ஓடு” என்று கத்தினோமே தவிர, “கழட்டு” என்று ஒருவரும் கத்தவில்லை. முகக் கவசத்தோடே 23 மீட்டர் கோட்டைத் தாண்டிவிட்டாள். ஃப்ரீ ஹிட் எதிரணிக்கு. அவர்கள் காத்திருக்காமல் தனக்குத்தானே தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்கள், நாங்கள் இன்னும் திரும்பி ஓடிக்கொண்டிருந்தோம், பந்து எங்கள் ஆட்டக்காரி ஒருத்தியின் காலில் பட்டது, மறுபடியும் கார்னர், இந்த முறை கோல். தடுத்து முடித்த கார்னர் ஒன்றே இன்னொரு கார்னரைப் பெற்றெடுத்தது. விதி மாறியது அவளுக்குத் தெரியும், கோடு எங்கே முடிகிறது என்பதுதான் ஓட்டத்தில் மறந்துபோனது. மண் மைதானத்தில் நாங்கள் 23 மீட்டர் கோடு போடுவதே இல்லை. சுண்ணாம்பு மிச்சப்படுத்த ‘டி’யும் நடுக்கோடும் மட்டும் போடுவோம்.

ஆண்கள் அணியைப் பற்றி எழுதும்போது என் விளக்கம் ஓரிடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது. செயற்கைத் தரை நேரம் முழுவதும் அவர்களுக்கே கிடைத்திருக்கிறது. தரைதான் காரணம் என்றால் அவர்கள் கார்னரே கொடுத்திருக்கக் கூடாது. ஆனால் இரண்டு ஆட்டங்களில் ஒன்பது கொடுத்திருக்கிறார்கள், பெண்கள் அணியும் அதே ஒன்பதுதான். எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு பேசியிருந்தால், பயிற்சி நேரத்துக்கும் கார்னருக்கும் சம்பந்தமே இல்லை என்று முடிவு கட்டியிருப்பேன். நோட்டின் மூன்றாவது பத்திதான் காப்பாற்றியது. பெண்களின் ஒன்பதில் ஐந்து காலில் பட்டவை. சிறுவர்களின் பன்னிரண்டில் ஏழு காலில் பட்டவை. ஆண்களின் ஒன்பதில் காலில் பட்டது ஒன்றே ஒன்று. மீதி எட்டில் ஆறு, தாமதமாகப் போய் ஸ்டிக்கையோ உடம்பையோ இடித்த டேக்கிள்கள், அதாவது பந்தைப் பறிக்கும் முயற்சிகள். இரண்டு, வேண்டுமென்றே செய்தவை. நிமிடம் எழுதிய முதல் பத்தியும் வேறு ஒன்றைச் சொன்னது. ஆண்கள் கொடுத்த ஒன்பதில் ஆறு கடைசிக் கால்பகுதியில் கொடுக்கப்பட்டவை. காய்ச்சல் அளவு ஒன்றாக இருந்தாலும் நோய் வேறு.

அந்த நோய் களைப்பு. பதினாறு பேர் பெயர் கொடுத்திருந்தும் சனிக்கிழமை மாலை நாலரை ஆட்டத்துக்கு வந்து சேர்ந்தவர்கள் பதின்மூன்று பேர். தீப்பெட்டி ஆலையிலும் மில்லிலும் ஷிப்ட் பார்ப்பவர்களுக்குச் சனிக்கிழமையும் வேலை நாள்தான். ஹாக்கியில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்றிக்கொள்ளலாம் என்ற சௌகரியம் இருக்கிறது, மாற்ற ஆள் வேண்டுமே. அதிலும் கார்னர் கொடுக்கப்பட்டு அது முடியும் வரை, கோல்கீப்பர் காயப்பட்டாலொழிய, ஆளை மாற்றவே முடியாது. ஒரு கார்னர் இன்னொரு கார்னரில் முடியும்போது மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பவர்கள் அதே நால்வர்தான். மூன்றாவது கால்பகுதி முடியும்போது 2–0 என்று முன்னிலையில் இருந்தோம். 54ஆவது நிமிடம் கார்னரில் ஒரு கோல், 58ஆவது நிமிடம் ஆட்டப்போக்கில் ஒன்று, 2–2 என்று முடிந்தது. முன்னிலையில் இருக்கும் அணி தானாகவே பின்வாங்கித் தன் ‘டி’க்குள் கூட்டமாக நிற்கத் தொடங்கும், கூட்டம் சேர்ந்தால் டேக்கிள் கூடும். பெரிய அணிகளும் இதற்கு விலக்கல்ல. 2019 நவம்பரில் புவனேஸ்வரத்தில் ஒலிம்பிக் தகுதிக்காக அமெரிக்காவோடு அடுத்தடுத்து இரண்டு நாள் ஆடிய இந்தியப் பெண்கள் அணி, முதல் நாள் 5–1 என்று ஜெயித்துவிட்டு, மறுநாள் இடைவேளைக்குள் நான்கு கோல் வாங்கி மொத்தக் கணக்கில் 5–5 என்று சமநிலைக்கு இறங்கியது. 48ஆவது நிமிடத்தில் ராணி ராம்பால் அடித்த கோல்தான் டோக்கியோவுக்கு அனுப்பியது. எங்களிடம் ராணி ராம்பால் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆண்கள் 3–2 என்று தோற்ற கதையும் அதே கடைசிக் கால்பகுதிக் கதைதான். 49ஆவது நிமிடத்தில் 23 மீட்டருக்குள் தன்னைக் கடந்து போனவரை ஸ்டிக்கால் பின்னாலிருந்து கொக்கி போட்டு இழுத்த எங்கள் ரைட் ஹாஃபுக்கு மஞ்சள் கார்டு. குறைந்தது ஐந்து நிமிடம் வெளியே உட்கார வேண்டும், அணிக்குப் பத்துப் பேர். அந்தத் தவறுக்கான கார்னரில் ஒரு கோல், ஆள் உள்ளே திரும்புவதற்குள் வந்த அடுத்த கார்னரில் இன்னொன்று. அவர் வயதில் நானும் அதே இடத்தில் ஆடியவன், நானும் அப்படி இழுத்திருக்கிறேன். ஓடிப் பிடிக்கக் கால் வராது என்று தெரிந்த நொடியில் கை தானாகப் போய்விடும்.

இனி, சனிக்கிழமை மாலை ஆண்கள் ஆடிக்கொண்டிருந்தபோது ஊரில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆறு ஆட்டங்களில் எதையும்விட எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. மாஸ்டர் ஆண்கள் ஆட்டத்துக்கு வரவில்லை. சிறுவர்களைக் கூட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பி, உளுந்தும் பாசியும் காயப்போடும் சிமெண்ட் களத்துக்குப் போய்விட்டார். களத்துக்காரரிடம் அனுமதி கேட்டு, கிணற்று மோட்டாரைப் போட்டுக் களம் முழுவதையும் நனைத்தார். ஈரச் சிமெண்டில் ஹாக்கிப் பந்து ஓடுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஏறக்குறைய செயற்கைத் தரையின் வேகத்திலேயே, குதிக்காமல் வரும். விரல்முட்டிகளுக்குப் பழைய சாக்ஸை வெட்டி உறை மாதிரிப் போட்டுவிட்டார். பிறகு ஒன்றரை மணி நேரம் ஒரே பயிற்சி: ஒருவன் தள்ள, ஒருவன் இரண்டு அடி பின்வாங்கி நின்று, இடது காலைப் பின்னுக்கு இழுத்து, ஸ்டிக்கை முழுக்கப் படுக்கப் போட்டு நிறுத்த வேண்டும். காலில் பட்டால் களத்தை ஒருமுறை சுற்றி ஓட வேண்டும். தொடக்கத்தில் ஓடாதவன் எவனும் இல்லை. இருட்டும்போது ஓடிக்கொண்டிருந்தவர்கள் மூன்று பேர்தான் என்று களத்துக்காரர் என்னிடம் சொன்னார்.

மறுநாள் சிறுவர் அணி 2–1 என்று ஜெயித்தது. கொடுத்த கார்னர் மூன்று. வாங்கிய ஒரே கோல் ஆட்டப்போக்கில் விழுந்தது. முதல் கார்னர் கொடுத்த அதே ஃபுல் பேக், இடைவேளைக்குச் சற்று முன்பு ‘டி’க்குள் நேராக வந்த ஒரு வேகமான தள்ளுக்கு முழங்காலை மடக்கி ஸ்டிக்கைப் படுக்கப் போட்டு நிறுத்திவிட்டு, பந்தை உடனே அனுப்பாமல் பெஞ்சில் மாஸ்டரை ஒரு தடவை பார்த்தான். “பந்தப் பாருல!” என்று மாஸ்டர் கத்த வேண்டியதாகிவிட்டது.

ஒன்பதிலிருந்து மூன்றுக்கு இறங்கியதை முழுக்கக் களத்தின் கணக்கில் எழுதிவிட எனக்கு ஆசைதான், ஆனால் அது நேர்மையாக இருக்காது. ஞாயிற்றுக்கிழமை எதிரணியின் முன்வரிசை சனிக்கிழமை அணியைப் போல வேகமானதில்லை. ஆட்டமும் எட்டேகாலுக்குத் தொடங்கியதால், முதல் ஆட்டத்துக்குப் பீய்ச்சிய தண்ணீர் வெயிலில் கொஞ்சம் காய்ந்து, பந்தின் வேகம் ஒரு பிடி குறைந்திருந்தது. இந்த இரண்டையும் கழித்த பிறகும் ஒன்று மிஞ்சுகிறது: சனிக்கிழமை காலில் பட்டுப் போன கார்னர்கள் ஆறு, ஞாயிற்றுக்கிழமை ஒன்று. எதிரணி மெதுவாக இருந்தால் டேக்கிள் குறையும் என்பது சரி. நேராக வரும் பந்து காலில் படுவதும் படாததும் நிற்பவனைப் பொறுத்தது.

நாங்கள் பெற்ற கார்னர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பதினொன்று கிடைத்து இரண்டைத்தான் கோலாக்கினோம். குழுவில் சிலர் டிராக் ஃப்ளிக் பயிற்சிக்கு வெளியிலிருந்து ஆள் கொண்டுவரலாம் என்றார்கள். அது நல்ல யோசனைதான். ஆனால் பின்கோட்டிலிருந்து நேராகத் தள்ளவும் உச்சியில் அசையாமல் நிறுத்தவும் தெரியாத இடத்தில் ஃப்ளிக் அடிப்பவர் வந்து என்ன செய்வார்? எங்கள் பதினொன்றில் நான்கு, நிறுத்துபவரைத் தாண்டி ஓடிப்போனவை.

திங்கட்கிழமை இரவுக் கூட்டத்தில் நான் அட்டவணையை மேசைமேல் வைத்தேன். இரண்டு மணி நேரத்தில் ஒன்று சிறுவர்களுக்கும் பெண்களுக்கும், இன்னொன்று ஆண்களுக்கு. ஆண்களின் ஒரு மணி நேரத்திலும் பாதியைப் பதினைந்து நிமிட ஓட்டத்துக்குப் பிறகு, மூச்சு வாங்கும் நிலையில் டேக்கிள் பழகுவதற்கென்று மாஸ்டர் ஒதுக்கினார். இரண்டாவது கோல்கீப்பர் செட்டுக்குப் பணம் திரட்டுவது என்றும், மண் மைதானத்தில் 23 மீட்டர் கோடு போடுவது என்றும் முடிவானது. இரண்டாவதற்கு ஒரு மூட்டை சுண்ணாம்பு போதும், முதலாவதற்கு எவ்வளவு நாளாகும் என்று தெரியாது.

பெரிய அணியின் நேரத்தைப் பிடுங்குகிறோமே என்ற சங்கடம் எனக்கு இருந்தது. ஆண்கள் அணி கேப்டன் கொஞ்ச நேரம் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்துவிட்டு, “சரிண்ணே, எங்க ஒரு மணி நேரத்த எடுத்துக்கோங்க. அந்தக் களத்த எங்களுக்கும் தொறந்து விடச் சொல்லுங்க” என்றார். களத்துக்காரரிடம் கேட்டேன். புரட்டாசியில் விதைக்கும் உளுந்து மார்கழிக் கடைசியில் களத்துக்கு வரத் தொடங்கிவிடும். அதுவரை ஆடிக்கொள்ளலாம், மோட்டார் கரண்டு பில்லை மட்டும் கிளப் கட்ட வேண்டும் என்றார்.